மன்கட்டின் பெயர்

1978-ம் வருஷம் ஆகஸ்ட் மாதம் 21-ந் தேதி பம்பாயில் காலஞ்சென்ற ஸ்ரீ வினு மன்கட்டின் பெயர், கிரிக்கெட் ஆடும் தேசங்கள் அனைத்திலும் இன்றும் வழங்கி வருகிறது. இது கேட்டு நாம் பெருமை கொள்ள வேண்டியதே. ஆயினும் எந்தக் காரியத்தைக் குறிப்பதற்காக அப்பெயர் வழங்குகிறது என்று விசாரிக்கத் தொடங்கினால் பெருமை மறைந்து நெஞ்சம் கொதிக்கும். பந்து கையை விட்டுப் புறப்படுமுன்னரே கோட்டைத் தாண்டி ஓடத் தொடங்கும் எதிர்முனை ஆட்டக்காரரை, பந்து வீசுபவர் விக்கெட்டைத் தட்டி அவுட் செய்வதற்கு மன்கட் செய்தல் என்று பெயரிட்டு விட்டார்கள். அதுவும் ஒரு வசவைப் போல முகத்தைச் சுளித்துக்கொண்டு சொல்லுகிறார்கள்.

தேசத்துக்காக 44 டெஸ்ட் பந்தயங்களில் ஆடி, 2,109 ரன்களும் 162 விக்கெட்டுகளும் எடுத்த ஒரு மனிதருடைய வாழ்நாள் உழைப்பை ஒரு நொடியில் நிகழ்ந்த காரியம் விழுங்கி விட்டது. அந்த ஒரு நொடியிலாவது அவர் ஏதேனும் குற்றம் இழைத்தாரா? இழைக்கவில்லை என்பது நமது திடமான அபிப்பிராயம். வெறும் அபிப்பிராயம் மட்டுமன்று. சட்டத்தையும் சாட்சியத்தையும் புரட்டிப் பார்க்கிற எவரும் அம்முடிவுக்கே வந்து சேர வேண்டியிருக்கும்.

ஸ்ரீ மன்கட்டின் முழுப் பெயர் மூல்வந்த்ராய் ஹிம்மத்லால் மன்கட். 1917-ம் வருஷம் ஏப்ரல் 12-ந் தேதி, கத்தியவாரில் நவாநகர் சமஸ்தானத்தின் தலைநகரான ஜாம்நகரில் பிறந்தார். கிரிக்கெட் உலகம் அந்த ஊரை அதற்கு வெகு காலம் முன்பே அறியும். இங்கிலாந்தில் ஸஸ்ஸெக்ஸ் மாகாணத்துக்காக ஆடி வெள்ளையரைப் பிரமிக்கச் செய்த ரஞ்சித்சிங்ஜி ஆண்ட ஊர் அது. அந்தச் சம்பந்தத்தினாலேயே ஸஸ்ஸெக்ஸ் ஆட்டக்காரரான பெர்ட் வென்ஸ்லி ஜாம்நகருக்கு வந்து இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். வேகமாகப் பந்து போட முயன்று கொண்டிருந்த சிறுவன் மன்கட்டை நிறுத்தி, இடக்கையால் மெதுவாகச் சுழற்றிப் போடும்படி திருப்பி விட்டவர் அவரே. 1936-37-ல் ரஞ்சி கோப்பையை நவாநகர் வென்றபோது வென்ஸ்லி தலைவர்; மன்கட் அக்கட்சியில் ஓர் இளம் ஆட்டக்காரர். பிற்காலத்தில் எந்த தேசத்தார் ஆட்ட தர்மத்தைப் பற்றி அவருக்கு உபதேசம் செய்தனரோ, அந்த தேசத்தவர் ஒருவரிடமே அவர் ஆட்டம் பயின்றார் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த வருஷம் டென்னிஸன் பிரபுவின் கோஷ்டி இந்தியாவுக்கு வந்தது. அப்போது மன்கட்டுக்கு வயது இருபதுதான். அந்தப் பந்தயங்களில் ரன் சராசரியிலும் முதலாக நின்றார். விக்கெட் சராசரியிலும் முதலாக நின்றார். உலக கோஷ்டி ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் இந்தப் பையனுக்கு அதில் இடமுண்டு என்று டென்னிஸன் பிரபுவே கருதினார். ஆனால் உலக கோஷ்டிக்குப் பதிலாக உலக யுத்தம் வந்தது. ஒரு ஆட்டக்காரனுடைய தேகம் முழு பலத்துடன் இருக்கும் வருஷங்கள் டெஸ்ட் பந்தயம் ஒன்று கூட இல்லாமல் கழிந்தன. 1946 ஜூனில் லண்டனில் லார்ட்ஸ் மைதானத்தில் தமது முதல் டெஸ்டை அவர் ஆடியபோது வயது இருபத்தொன்பது. அந்தச் சுற்றுப் பிரயாணத்தில் 1,120 ரன்களும் 129 விக்கெட்டுகளும் எடுத்தார். இங்கிலாந்து சென்ற இந்தியர் வேறெவரும் ஒரே பிரயாணத்தில் ஆயிரம் ரன்னும் நூறு விக்கெட்டும் சேர்த்ததில்லை.

இனி நமது விஷயத்துக்கு வருவோம்.

1947 ஆகஸ்ட் 15-ந் தேதி தேசம் விடுதலையடைந்தது. இரண்டு மாதங்களுக்குள் இந்திய கோஷ்டி ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறாமல் ஆகாய விமானம் ஏறிற்று. சுதந்தர இந்தியாவின் பெயரால் அயல்நாட்டில் ஆடச் சென்ற முதல் கிரிக்கெட் கோஷ்டி அதுவே. தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட விஜய் மெர்ச்சண்ட் போகவில்லை. லாலா அமர்நாத் தலைமை தாங்கினார். தேசப் பிரிவினையின் காரணமாக ஃபாஸல் மஹ்மூத் போன்ற நல்ல பந்து வீச்சாளர் பாகிஸ்தான் பக்கம் நின்று விட்டார். இந்த அரைகுறைப் படை எதிர்க்கச் சென்றதோ பிராட்மனின் ஆஸ்திரேலியாவை. டெஸ்ட் பந்தயங்களில் நாலுக்குப் பூஜ்யம் என்று தோற்றுத் திரும்பியதில் வியப்பொன்றுமில்லை.

ஆட்டம் அறியாத நேயர்களுக்காக ஒரு விஷயத்தை இங்கே விளக்க வேண்டும். கிரிக்கெட்டில் ஒரே சமயத்தில் பந்தடிக்கும் கட்சியார் இருவர் மைதானத்தில் நிற்பர். இருபத்திரண்டு கஜ தூரத்தில் முனைக்கு ஒருவர். ஒருவர் பந்தை அடிப்பார். மற்றவர் பந்து வீசுபவரின் அருகே காத்திருப்பார். அடித்ததும் இருவரும் எதிர்முனைக்கு ஓடிச் சேர்ந்தால் ஒரு ரன். ஓடுகிறவர் கோட்டைச் சேருமுன் பந்து வந்து விக்கெட்டைத் தாக்கினால் அவர் அவுட். சேர்ந்தாரா, சேரவில்லையா என்பது பல சமயங்களில் இரண்டு அங்குலத்தைப் பொறுத்தது. ஆகவே, காத்திருப்பவர் பந்து புறப்படுமுன்னரே இரண்டடி மூன்றடி நகர்ந்து நின்றால், ஓட வேண்டிய தூரத்தில் அத்தனையும் அவருக்கு இனாம். நிலத் தகராறுகளில் வேலியை இரவோடிரவாக நகர்த்தி வைக்கிறவனைப் பற்றி நம் நாட்டில் என்ன சொல்லுவார்கள் என்பதை நாம் எழுத வேண்டியதில்லை. இப்படி நகர்கிறவரைத் தடுக்கப் பந்து வீசுபவரிடம் இருப்பது ஒரே ஆயுதம்: பந்தை வீசாமல் கையில் வைத்துக்கொண்டு அவர் பக்கத்து விக்கெட்டைத் தட்டி விடலாம். அதற்குச் சட்டம் அனுமதி அளித்திருந்தது. முன்கூட்டி எச்சரிக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, இன்றும் சொல்லவில்லை.

1947 நவம்பரில் ஸிட்னி நகரில் ஆஸ்திரேலிய கோஷ்டி ஒன்றுடன் இந்தியர் ஆடினர். பிராட்மன் தமது நூறாவது சதத்தை அடித்த ஆட்டம் அது. ஆனால் 47 ரன்களில் ஜயித்தவர்கள் இந்தியர்கள். அந்த ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவின் பில் பிரவுன் எதிர்முனையில் நிற்கும்போது கோட்டை விட்டு நகர்வதை மன்கட் கண்டார். உடனே அவுட் செய்யவில்லை; எச்சரித்தார். பிரவுன் மறுபடியும் நகர்ந்தார். மன்கட் விக்கெட்டைத் தட்டினார், பிரவுன் வெளியேறினார்.

ஏறக்குறைய ஒரு மாதம் ஆயிற்று. டிசம்பர் 13-ந் தேதி, அதே ஸிட்னியில் இரண்டாவது டெஸ்ட். இந்தியா முதலில் ஆடி 188 ரன் எடுத்திருந்தது. பிரவுன் 18 ரன் எடுத்து எதிர்முனையில் நிற்கிறார். மன்கட் ஓடி வருகிறார். ஒரு மாதத்துக்கு முன் எச்சரிக்கப்பட்டு, அதே மனிதரால், அதே மைதானத்தில், அதே காரணத்துக்காக அவுட்டான பிரவுன் அன்றும் கோட்டுக்கு வெளியே இருந்தார்! மன்கட் கையை நிறுத்தி விக்கெட்டைத் தட்டினார். அம்பயர் எனப்படும் மத்தியஸ்தர் அவுட் கொடுத்தார்; வேறு தீர்ப்புக் கூற வழியில்லை. ஆஸ்திரேலியா 107 ரன்னுக்குள் அடங்கிற்று. பிறகு மழை குறுக்கிட்டு ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. இந்தக் காரியத்தினால் இந்தியாவுக்கு ஒரு ஜயம் கூடக் கிட்டவில்லை என்பதையும் சொல்லி வைக்கிறோம்.

மறுநாள் ஆஸ்திரேலியப் பத்திரிகைகள் சீறின. விளையாட்டு தர்மம் கெட்டு விட்டதாம். வந்தவர்கள் கண்ணியமற்றவர்களாம். அன்று தொடங்கிய ஆரவாரத்தில்தான் ஒரு மனிதனின் பெயர் ஒரு குற்றத்தின் பெயராக மாறிற்று.

நியாயஸ்தலத்தில் வாதியின் சாட்சியை விடப் பிரதிவாதி தானே ஒப்புக்கொள்வது வலுவானது என்று சட்டம் படித்தவர்கள் அறிவார்கள். இந்த வழக்கில் பிரதிவாதித் தரப்பின் தலைவர் யார்? பிராட்மன். தமது ஆட்டக்காரர் அவுட்டாவதை அருகிருந்து அறிந்தவர். அவர் பிற்காலத்தில் தமது சுயசரிதையில் இதைப் பற்றி எழுதியபோது மன்கட்டின் பக்கமே பேசினார். பந்து புறப்படும் வரை எதிர்முனையாளர் கோட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது சட்டத்தில் தெளிவாக இருக்கிறது. அவ்விதம் இல்லாமல் நகர்கிறவர் நியாயமற்ற லாபம் அடைகிறார். ஆகவே பந்து வீசியவரைப் பழிப்பதற்கு என்ன இருக்கிறது என்பது அவருடைய கட்சி. பாதிக்கப்பட்டவர் என்று சொல்லப்பட்ட பிரவுனோ மன்கட்டிடம் மனஸ்தாபம் வைத்ததில்லை. தவறு தம்முடையதே என்று கொண்டார். குற்றம் சாட்டியவர் யாரென்று பார்த்தால், மைதானத்துக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்கள்தாம். விந்தை என்னவென்றால், அதே பிரயாணத்தில் மெல்பர்னில் நடந்த ஐந்தாவது டெஸ்டில் பிரவுன் 99 ரன்னில் மறுபடியும் ரன் அவுட் ஆனார். இம்முறை சாதாரணமாக ஓடும்போது. அதை ஒருவரும் நினைவில் வைத்திருக்கவில்லை.

இக்காரியத்தை மன்கட் கண்டுபிடிக்கவும் இல்லை. 1835-லேயே இங்கிலாந்தில் தாமஸ் பார்க்கர் என்ற பந்து வீச்சாளர் இவ்விதம் ஒருவரை அவுட் செய்திருக்கிறார். இதற்குப் பார்க்கர் செய்தல் என்று ஏன் பெயர் வரவில்லை?

அதை விடப் பெரிய உதாரணம் ஒன்று உண்டு. 1882 ஆகஸ்டில் லண்டன் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் ஆடின. ஸாமி ஜோன்ஸ் என்ற இளம் ஆஸ்திரேலியர் ஒரு ரன் ஓடி முடித்து, கோட்டைத் தொட்டு விட்டு, பந்தாட்டம் அந்த அளவில் ஓய்ந்தது என்று எண்ணித் தரையில் இருந்த மேட்டைத் தட்டிச் சரிசெய்ய வெளியே வந்தார். அவர் ரன் திருடவில்லை. தரையைத் தட்டினார், அவ்வளவே. பந்தைக் கையில் வைத்திருந்த டாக்டர் டபிள்யூ. ஜி. கிரேஸ் விக்கெட்டைத் தட்டி அவுட் கேட்டார். மத்தியஸ்தரும் அவுட் கொடுத்தார். கோபங்கொண்ட ஸ்பொஃபொர்த் அன்று பந்து போட்ட வேகத்தில், ஜயிக்க 85 ரன் மட்டுமே வேண்டியிருந்த இங்கிலாந்து 77-ல் சுருண்டது. ஆஷஸ் என்று இரு தேசத்தாரும் கொண்டாடும் போட்டிக்குப் பெயர் பிறந்ததே அந்தத் தோல்வியிலிருந்துதான். இப்போது இரண்டு காரியங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒருவர், எச்சரித்த பிறகும் ரன் களவாட நகர்ந்தவரை அவுட் செய்தார். மற்றவர், எந்த லாபமும் தேடாமல் நின்ற ஒரு வாலிபனை, அவன் ஏமாந்த சமயம் பார்த்து அவுட் செய்தார். கிரேஸின் பெயரால் ஏதேனும் வசைச்சொல் உண்டாயிற்றா? அவர் பெயரால் லார்ட்ஸ் மைதானத்துக்கு ஒரு வாசல் உண்டாயிற்று! 1923 முதல் அந்த வாசல் வழியாகத்தான் பெரிய மனிதர்கள் உள்ளே போகிறார்கள். நாம் கிரேஸின் திறமையைக் குறைத்துச் சொல்ல வரவில்லை. அளவுகோல் ஆளுக்கு ஆள் நீளும், குறுகும் என்பதைத்தான் சொல்லுகிறோம்.

இங்கிலாந்தில் கிரிக்கெட் வளர்ந்த விதத்தை அறிந்தவர்களுக்கு இதன் மூலம் விளங்கும். பந்தடிப்பது பெரும்பாலும் செல்வர்களின் உரிமையாக இருந்தது. வெயிலில் பந்து போடுவது கூலிக்கு அமர்த்தப்பட்டவர்களின் வேலை. கனவான்கள் என்றும் தொழில் ஆட்டக்காரர்கள் என்றும் அங்கே இரண்டு ஜாதிகள் 1962-ம் வருஷ முடிவு வரையில் நிலைத்திருந்தன. கனவான் கோட்டை விட்டு நகர்ந்தால் கூலிக்காரன் வணக்கமாக ஞாபகப்படுத்த வேண்டும். அவுட் செய்வது அவமரியாதை. இது சட்டத்தில் எழுதப்படாத சட்டம். அந்த மரியாதையையே பின்னால் ஆட்டத்தின் ஆன்மா என்று அலங்காரமாக அழைத்தார்கள் என்பது நமது ஊகம்.

இதில் இன்னொரு முரண்பாடும் உண்டு. அடிக்கும் முனையில் இருப்பவர் பந்தை அடிப்பதற்காகத் துணிந்து கோட்டை விட்டு முன்னால் வந்து, பந்தைத் தவற விட்டு விட்டால், விக்கெட் காப்பாளர் இமைப்பொழுதில் ஸ்டம்பைத் தட்டி விடுகிறார். அது ஸ்டம்பிங், அதற்குக் கரகோஷம். அவர் யாரையும் எச்சரிப்பதில்லை. முதலில் ஒரு முறை மன்னித்தாரா என்று எந்தப் பத்திரிகையும் கேட்பதில்லை. துணிவுடன் அடிக்க வந்தவனுக்குத் தயவில்லை. களவாக ஓட வந்தவனுக்கு மட்டும் தயவு வேண்டும் என்பது எந்த ஊர் நீதி?

மன்கட் எதிரிகளிடம் எப்படிப் பழகினார் என்பதற்கு அந்தப் பிரயாணத்திலிருந்தே ஒரு செய்தி சொல்லப்படுவதுண்டு. ஆஸ்திரேலிய வேகப் பந்து வீச்சாளர் லிண்ட்வால் அவரைத் திரும்பத் திரும்ப வீழ்த்தி வந்தார். மன்கட் கூச்சமின்றி லிண்ட்வாலிடமே போய்த் தமது ஆட்டத்தில் என்ன கோளாறு என்று கேட்டார். மட்டையை மிக உயரத் தூக்குவதால் வேகமான பந்துக்கு அது நேரத்தில் கீழே வரவில்லை என்று லிண்ட்வால் ஒளிக்காமல் சொன்னார். மெல்பர்னில் நடந்த மூன்றாவது டெஸ்டில் மன்கட் 116 ரன் அடித்தார். ஆஸ்திரேலிய மண்ணில் டெஸ்டில் இந்தியர் அடித்த முதல் சதம் அதுவே. ஐந்தாவது டெஸ்டில் மீண்டும் ஒரு 111. கண்ணியமற்றவனிடம் எதிரிக் கட்சியின் தளகர்த்தன் தன் ரகசியத்தைச் சொல்லிக்கொடுப்பானா?

சென்னைவாசிகள் அவரை வேறு விதமாக அறிவர். 1952 பிப்ரவரியில் சேப்பாக்கம் மைதானத்தில் இங்கிலாந்துடன் நடந்த டெஸ்டில், முதல் இன்னிங்ஸில் 55 ரன் கொடுத்து 8 விக்கெட், இரண்டாவதில் 53 ரன் கொடுத்து 4 விக்கெட் என்று பன்னிரண்டு பேரை மன்கட் வீழ்த்தினார். அவருடைய பந்துக்கு மயங்கிக் கோட்டை விட்டு வந்தவர்களைக் காப்பாளர் சென் ஒருவர் பின் ஒருவராக ஸ்டம்பு செய்தார். ஆட்டத்தினிடையே ஆறாம் ஜார்ஜ் மன்னர் இறந்த செய்தி வந்து ஒரு நாள் ஆட்டம் நின்றது. பிப்ரவரி 10-ந் தேதி இன்னிங்ஸும் 8 ரன்னும் வித்தியாசத்தில் இந்தியா ஜயித்தது. டெஸ்ட் ஆட்டத்தில் புகுந்து இருபது வருஷம், 24 பந்தயங்கள் கழித்து, இந்தியாவுக்குக் கிடைத்த முதல் வெற்றி. அது கிடைத்த இடம் நமது கடற்கரைக்கு அருகே என்பதில் சென்னைக்கு என்றும் பெருமையுண்டு.

இத்தகைய மனிதருக்கு அடுத்த சில வாரங்களில் நமது தேசத்தார் செய்தது என்ன? நியாயத்தைப் பற்றிப் பிறரைக் கேட்கும் நாம் இதையும் மறைக்கலாகாது. அவ்வருஷம் இந்திய கோஷ்டி இங்கிலாந்து செல்லவிருந்தது. லங்காஷயரில் ஹாஸ்லிங்டன் என்ற கிளப் மன்கட்டைச் சம்பளத்துக்கு அழைத்தது. கோஷ்டியில் இடம் நிச்சயம் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், அந்தச் சம்பளத்தை விட்டு விடுகிறேன் என்று அவர் கேட்டார். கிரிக்கெட் அதிகாரிகள் அந்த வார்த்தையைத் தர மறுத்தார்கள். முதல் வெற்றியைத் தேடித் தந்தவருக்கு முன்கூட்டி உறுதி கூறினால் அவர்களுடைய அந்தஸ்து என்னாவது! மன்கட் ஹாஸ்லிங்டனுக்குப் போய்ச் சேர்ந்தார். இந்திய கோஷ்டி லீட்ஸில் முதல் டெஸ்டை ஆடிற்று. இரண்டாவது இன்னிங்ஸில் ஒரு ரன் கூட எடுக்குமுன் நாலு விக்கெட் விழுந்தது. உடனே அதிகாரிகளுக்கு மன்கட்டின் நினைவு வந்தது. ஹாஸ்லிங்டனிடம் கெஞ்சி அவரை விடுவித்து வாங்கினார்கள்.

அவர் முகம் திருப்பிக்கொள்ளவில்லை. ஜூன் 19-ந் தேதி லார்ட்ஸ் மைதானத்தில் முதல் ஆட்டக்காரராக இறங்கி 72 ரன் எடுத்தார். இங்கிலாந்து 537 ரன் குவித்தது; அதில் 73 ஓவர்களை மன்கட் ஒருவரே போட்டு 5 விக்கெட் எடுத்தார். அவ்வளவு பந்து போட்ட கை ஓயுமுன் மட்டையை எடுத்துக்கொண்டு மறுபடியும் முதலாவதாக இறங்கி, 184 ரன் அடித்தார். கடைசியில் இங்கிலாந்துக்குச் சொற்ப ரன்னே தேவையிருந்தபோதும் மேலும் 24 ஓவர் போட்டார். இந்தியா எட்டு விக்கெட்டில் தோற்றது. தோற்ற கட்சியின் ஒரு ஆட்டக்காரருடைய பெயரால் அந்தப் பந்தயத்தை மன்கட்டின் டெஸ்ட் என்று இங்கிலாந்தவரே அழைத்தார்கள். அவருடைய பெயருக்கு இப்படியும் ஒரு உபயோகம் இருந்தது!

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லி விடலாம். 23 டெஸ்டுகளில் ஆயிரம் ரன்னும் நூறு விக்கெட்டும் எட்டினார். 1979-ல் போத்தம் வரும் வரையில் அதை விட விரைவாக எட்டியவர் உலகத்திலேயே இல்லை. முதலாவது ஆட்டக்காரர் முதல் பதினொன்றாவது வரை எல்லா ஸ்தானங்களிலும் இறங்கி ஆடியிருக்கிறார். 1954-55-ல் பாகிஸ்தானுக்குச் சென்ற கோஷ்டிக்குத் தலைவர். ஐந்து டெஸ்டும் வெற்றி தோல்வியின்றி முடிந்தன. 1956 ஜனவரியில் சென்னைக் கார்ப்பொரேஷன் ஸ்டேடியத்தில் நியூஸிலாந்துக்கு எதிராக அவரும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்தார்கள். அந்த எண்ணிக்கையை ஐம்பத்திரண்டு வருஷம், 2008 வரையில், எந்த ஜோடியும் தாண்டவில்லை. அதில் மன்கட்டின் பங்கு 231. இந்தியர் எவரும் 1983 வரை அதை மிஞ்சவில்லை. மிஞ்சிய காவஸ்கரும் சென்னையிலேயே மிஞ்சினார். 1959-ல் சென்னை டெஸ்டுக்குத் தலைமை தாங்க இருந்தவர் கடைசி நேரத்தில் விலகவே, நாற்பத்தொரு வயது மன்கட்டை அழைத்துத் தலைமையை ஒப்படைத்தார்கள். அடுத்து டில்லியில் ஒரு டெஸ்ட் ஆடி முடித்துக்கொண்டார். 1973-ல் அரசாங்கம் பத்ம பூஷண் அளித்தது. மகன் அசோக் மன்கட் 22 டெஸ்டுகள் ஆடினார்.

அவர் கண்மூடிய பிறகும் வழக்கு நின்றபாடில்லை. 1987-ல் லாகூரில் உலகக் கோப்பை ஆட்டத்தில் மேற்கிந்தியத் தீவுகளின் கோர்ட்னி வால்ஷ், கடைசிப் பந்தில் இவ்விதம் அவுட் செய்து ஜயித்திருக்கலாம். எதிர்முனையிலிருந்த ஸலீம் ஜாஃபரை எச்சரித்து விட்டு விட்டார். ஆட்டம் போயிற்று, அவருடைய கட்சி அரை இறுதிக்கும் போகவில்லை. வால்ஷ் செய்தது உயர்ந்த காரியம் என்பதை எவரும் மறுக்க மாட்டார். ஆனால் அது தானம். தானம் கொடுப்பவனைப் புகழலாம். கொடுக்காதவனைத் திருடன் என்று சொல்லலாகாது. அதுவும் திருடியவன் மற்றவனாக இருக்கும்போது சொல்லவே கூடாது.

எச்சரித்து விட்டுச் செய்தால் குற்றமில்லை என்பவர்களும் உண்டு. 2014-ல் பர்மிங்ஹாமில் இலங்கையின் ஸசித்ர சேனாநாயக்க, இங்கிலாந்தின் பட்லரை இரண்டு தடவை எச்சரித்த பின்னரே அவுட் செய்தார். அப்போதும் கூச்சல் எழுந்தது. அதே பட்லரை 2019 மார்ச்சில் ஜெய்ப்பூரில் நமது சென்னை அஸ்வின் அவுட் செய்தபோது எழுந்த கூச்சல் வானத்தை முட்டிற்று. அஸ்வின் குனியவில்லை. நகர்ந்தவர் மீதே பொறுப்பு என்று நிமிர்ந்து நின்று வாதாடினார். தேசத்துக்காக உழைத்த ஒரு பெரியவரின் பெயரை வசையாக வழங்குவதைக் காவஸ்கர் பல வருஷங்களாகக் கண்டித்து வருகிறார். நகர்ந்தவர் பிரவுனாயிருக்க, பெயர் மட்டும் மன்கட்டுடையதா என்பது அவர் கேள்வி.

சட்டம் எழுதுகிறவர்களான லண்டன் எம். சி. சி. சங்கத்தார் மெல்ல மெல்ல வழிக்கு வந்தார்கள். 2017-ல் இந்த விதியின் தலைப்பைத் திருத்தி, எதிர்முனையாளர் முன்கூட்டிக் கோட்டை விட்டு நீங்குதல் என்று பொருள்படும்படி வைத்தார்கள். குற்றம் யாருடையது என்று தலைப்பே சொல்லிற்று. ஆயினும் நியாயமற்ற ஆட்டம் என்ற அத்தியாயத்தில் அது கிடந்ததால், பழி என்னவோ பந்து வீசுபவர் மீதே விழுந்தது. 2022 அக்டோபர் 1-ந் தேதி முதல் அதை அவ்வத்தியாயத்திலிருந்து எடுத்து, சாதாரண ரன் அவுட் விதியோடு சேர்த்து விட்டார்கள். ஸிட்னிக்கும் இதற்கும் இடையே எழுபத்தைந்து வருஷம். அதற்கு முந்தின வருஷம் சர்வதேச கிரிக்கெட் கவுன்ஸில் மன்கட்டைத் தனது கீர்த்தி மண்டபத்தில் சேர்த்தது.

புதிய விதி அமுலுக்கு வர ஒரு வாரம் இருக்கையில், செப்டம்பர் 24-ந் தேதி, லார்ட்ஸ் மைதானத்தில் இந்தியப் பெண்கள் கோஷ்டி இங்கிலாந்துடன் ஆடிற்று. இங்கிலாந்தின் கடைசி ஜோடி ஜயத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. பந்து போட ஓடி வந்த தீப்தி சர்மா, எதிர்முனையில் சார்லட் டீன் கோட்டுக்கு வெளியே இருப்பதைக் கண்டு, திரும்பி விக்கெட்டைத் தட்டினார். இந்தியா 16 ரன்னில் ஜயித்தது. மைதானத்தில் கூடியிருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். பத்திரிகைகளில் மன்கட்டின் பெயர் மறுபடியும் அடிபட்டது. அந்த மைதானத்துக் கட்டடத்தில் வெளிநாட்டுக் கோஷ்டிகள் தங்கும் அறையில் இரண்டு மரப்பலகைகள் தொங்குகின்றன. ஒன்று, அங்கே டெஸ்டில் சதம் அடித்தவர்களுக்கு. மற்றொன்று, ஒரே இன்னிங்ஸில் ஐந்து விக்கெட் எடுத்தவர்களுக்கு. அயல் நாட்டார் பலருக்கு ஏதேனும் ஒரு பலகையில் இடமுண்டு. கீத் மில்லர், கார்ஃபீல்ட் ஸோபர்ஸ், வினு மன்கட் ஆகிய மூவரின் பெயர்கள் இரண்டிலும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. மன்கட்டின் பெயருக்கு எதிரே இரண்டு பலகைகளிலும் உள்ள வருஷம் 1952.